குடிக்காமல் கீழே வைத்த கஹ்வா

1

சாருவின் பள்ளியிலிருந்து சனிக்கிழமை ஒரு தாள் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் புதன்கிழமை மஸ்கட்டின் பழைய துறைமுகப் பகுதியான மத்ராவுக்கு அழைத்துப் போகிறார்கள். கோட்டை, பழைய சந்தை, அருங்காட்சியகமாக மாற்றியிருக்கும் ஒரு வீடு. சம்மதம் என்றால் கீழே கையெழுத்திட வேண்டும்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். பஸ்ஸில் எத்தனை டீச்சர்கள் போவார்கள் என்று போட்டிருக்கவில்லை. தண்ணீர் நாம் கொடுத்தனுப்ப வேண்டுமா என்றும் இல்லை.

"ஜஸ்ட் சைன் பண்ணும்மா. எல்லா மம்மியும் பண்ணிட்டாங்க."

"எல்லாரும்னு யாரு சொன்னா?"

"எவ்ரிபடி. யூ ஆர் த லாஸ்ட்."

சாருவுக்கு எட்டு வயது. என்னைத் தாஜா செய்ய வேண்டுமென்றால் தமிழில் ஆரம்பிப்பாள். பொறுமை போனதும் ஆங்கிலம் வந்துவிடும். என் பதிலுக்குக் காத்திராமல் டிவி பக்கம் போய்விட்டாள்.

கை நின்றதற்கு பஸ் காரணமில்லை. மத்ராவும் ஒரு கையெழுத்தும் சேர்ந்து வந்த நாள் ஒன்று எனக்கு உண்டு. அதுவும் இதேபோல ஐப்பசியில், கந்த சஷ்டியன்று. நான்கு வருடம் ஆகிவிட்டது. அன்று நடந்ததில் பாதியைத்தான் என் கணவரிடம் சொன்னேன். என் மாமியாரிடம் பொய் சொன்னேன். இந்தப் பத்திரிகை மாயவரத்தில் அவர்கள் வீட்டுக்கு மாதம் தவறாமல் போகிறது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

2

மஸ்கட்டில் நாங்கள் இருப்பது ரூவி என்ற பகுதியில். கணவருக்குக் கட்டுமானக் கம்பெனியில் சைட் சூப்பர்வைசர் வேலை. மாதத்தில் முக்கால்வாசி நாள் சலாலாவில் இருப்பார். ரூவியிலிருந்து சலாலா ஆயிரம் கிலோமீட்டர், நடுவில் முழுக்கப் பாலைவனம்.

சாரு பிறந்தபோது அவர் இங்கே, நாங்கள் ஊரில். இரண்டரை வயது வரை அவளுக்கு அப்பா என்றால் டேப் ரெக்கார்டர்தான். அவர் கேஸட்டில் பேசி அனுப்புவார். நான் பொத்தானை அழுத்தியதும் சாரு தன் பிஸ்கட்டை அந்தப் பெட்டியின் ஓட்டைகளுக்குள் திணிக்கப் பார்ப்பாள். ஃபேமிலி விசா கிடைத்து நாங்கள் இங்கே வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் அவர் தூக்கிய கையைத் தட்டிவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவரை 'அப்பா' என்று கூப்பிட எட்டு மாதம் பிடித்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், அடுத்து நான் செய்த தவறு எவ்வளவு பெரியது என்று புரிய வேண்டும் என்பதுதான்.

ஊரிலிருந்து வரும்போது சாருவின் பெயர் என் பாஸ்போர்ட்டிலேயே இருந்தது. விசாவும் என்னுடையதில்தான், இருவருக்கும் சேர்த்து. பள்ளியில் சேர்க்கத் தனிப் பாஸ்போர்ட் கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். எதையும் முன்கூட்டியே செய்து வைத்தால் தேவலை என்று நினைப்பவள் நான். கணவர் சலாலாவில் இருக்கும்போது நானே இந்தியத் தூதரகத்துக்குப் போய் அவளுக்குத் தனிப் பாஸ்போர்ட் எடுத்தேன். எடுத்ததும் என் பாஸ்போர்ட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தார்கள். புதுப் பாஸ்போர்ட்டின் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. வீட்டுக்கு வந்து இரண்டையும் மேசைமேல் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் பெண்ணுக்கு இந்த நாட்டில் இப்போது விசா கிடையாது.

விசா அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். எங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஸ்பான்சர் கையெழுத்திட்ட புது விண்ணப்பம் கொண்டு வந்தால் மாற்றித் தருகிறோம், புதன்கிழமை ஒரு மணிவரை அவகாசம் என்றார்கள். அதற்குள் வராவிட்டால் குழந்தை நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். குழந்தை போனால் நானும்தான். திரும்பி வருவதற்கும் வழியில்லை. சைட் ஆட்களுக்கு இனி புதிதாக ஃபேமிலி விசா இல்லை என்று எங்கள் கம்பெனி அந்த வருடம்தான் முடிவு செய்திருந்தது.

சாரு மறுபடியும் பிஸ்கட்டை டேப் ரெக்கார்டருக்குள் திணிப்பதை அந்த வாரம் முழுக்கக் கண்ணை மூடும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

ஸ்பான்சரை இங்கே 'அர்பாப்' என்பார்கள். கம்பெனி முதலாளி அவர்தான். ஆபீஸுக்கு அதிகம் வரமாட்டார். மந்தூப், அதாவது அரசாங்கக் காகித வேலைகளுக்கென்று இருக்கும் ஆள், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவார். எங்கள் காகிதமும் அப்படித்தான் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு சலாலாவிலிருந்து போன்.

"சுமதி, பதறாம கேளு. அர்பாப் இன்னைக்கு மத்தியான ஃப்ளைட்ல வெளிநாடு போறாராம். ஹார்ட்டுக்கு வைத்தியம். திரும்ப மூணு மாசம் ஆகுமாம்."

"கையெழுத்து?"

"ஆகலை. மந்தூப் லீவுல போயிட்டான், காகிதம் அவன் டிராயர்லயே கிடந்திருக்கு. டிரைவர்கிட்ட இப்ப உனக்குக் குடுத்தனுப்பறாங்க. அவர் கிளம்பற நேரத்துல அவர் வீட்டு வாசல்ல போய் நிக்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை."

"எனக்கு மட்டும் இருக்கா?"

"உன்னை அவர் வேலையைவிட்டுத் தூக்க முடியாது இல்லையா?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "மத்ரா சூக்குக்குப் பின்னால மூணாவது சந்து. பெரிய நீலக் கதவு."

"வீட்டு நம்பர் சொல்லுங்க."

"இங்க எந்த வீட்டுக்கும்மா நம்பர் இருக்கு? போஸ்ட் பாக்ஸ் நம்பர் வேணா தரேன். அந்தப் பெட்டிக்குள்ள கையை விட்டா கையெழுத்து வராது."

அவருடைய போன் கார்டு தீர்ந்து பேச்சு நின்றுபோனது.

அன்று சஷ்டி. 'குழந்தைக்காக இரு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சாயந்தரம் வரை இரு, முருகன் பார்த்துப்பான்' என்று மாமியார் எழுதியிருந்தார்கள். அப்படியே இருந்தேன். வெறும் வயிற்றோடு நான்கு வயதுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தெரியாத சந்தில் நீலக் கதவைத் தேடுவது தனியாக முடிகிற காரியமாகத் தோன்றவில்லை. ஸுவைனாவுக்குப் போன் செய்தேன்.

ஸுவைனா ரூவி கிளினிக்கில் நர்ஸ். சாருவுக்குத் தடுப்பூசி போட்டவள். என் வயதுதான், மத்ராவிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி ஆங்கிலம், தேவைப்பட்டால் கை. ஒரு வருடமாகவே "மத்ராவை உனக்கு நான் சுத்திக் காட்டறேன், என் ஊரை என்னைவிட நல்லா காட்ட ஆள் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் வெயில், ஜுரம் என்று தள்ளிப்போட்டேன். அன்று அவளுக்கு ஓய்வு நாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "பத்து நிமிஷத்துல கீழே இரு, உம் சாரு" என்றாள். பிள்ளை பெயரோடு சேர்த்து அம்மாவைக் கூப்பிடுவது இங்குள்ள வழக்கம்.

4

டாக்ஸி கடற்கரைச் சாலைக்கு வந்ததும் ஸுவைனாவுக்கு ஊர்ப் பெருமை பொங்கிவிட்டது.

"அதோ பார், மலை மேல கோட்டை. போர்த்துகீசியன் கட்டினது."

"எவ்வளவு ஆச்சு?"

"நானூறு வருஷம்."

"நான் மணியைக் கேட்டேன், ஸுவைனா."

"பத்து பத்து. அல்லாவே, நீ இன்னைக்கு ஊர் பார்க்கற லட்சணம் இதுதானா?"

கல்லூரியில் படிக்கும்போது தரங்கம்பாடிக்கு எங்களை அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கேயும் கடல் பார்த்த கோட்டை, டேனிஷ்காரர்கள் கட்டியது. அங்கே ஒரு மதில்மேல் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டு, இந்தக் கல்லையெல்லாம் கப்பலேறி வந்து எதற்காக அடுக்கினார்கள் என்று சிரித்தோம். மத்ராக் கோட்டையைப் பார்த்ததும் எனக்கு அந்தப் புளிசாதம்தான் ஞாபகம் வந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

சூக் என்றால் சந்தை. உள்ளே வெளிச்சமில்லை. கூரை போட்ட குறுகலான சந்துகள். சாம்பிராணிப் புகை, வெள்ளிக் கொலுசு, பிளாஸ்டிக் வாளி எல்லாம் ஒரே கடையில். இருட்டுச் சந்தை என்றே இதற்குப் பெயர் உண்டு என்றாள். அவள் அப்பா வாலிபராக இருந்தபோது இரவு குறிப்பிட்ட நேரத்தில் மஸ்கட் மதில் கதவைப் பூட்டிவிடுவார்களாம். அதற்குப் பிறகு தெருவில் நடப்பவர் கையில் அரிக்கேன் விளக்கு இருக்க வேண்டுமாம். "விளக்கு இல்லாம நடந்தா ஜெயில்" என்று சாருவிடம் கண்ணை உருட்டினாள். சாரு என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். நான் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையைத் தொட்டுப் பார்த்தேன். காகிதம் இருந்தது.

மூன்றாவது சந்தில் பெரிய நீலக் கதவு இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஸுவைனா தட்டினாள். திறந்த அம்மாள் ஸுவைனாவைப் பார்த்ததும் கத்திக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அவள் அப்பாவின் சித்தப்பா மகளாம். அர்பாப் வீடு இல்லை.

வாசலில் நின்று வழி கேட்டுவிட்டுப் போவது இங்கே முடியாது. உள்ளே போய் உட்கார வேண்டும். நலம் விசாரிப்பு முடிய வேண்டும். எல்லோருடைய பிள்ளைகளும் விசாரிக்கப்பட வேண்டும். பிறகு பேரீச்சம்பழம், கஹ்வா. ஏலக்காய் போட்ட, சர்க்கரை இல்லாத காபி அது, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில். என் முன்னால் நீட்டியபோது ஸுவைனா எனக்காக அரபியில் சொன்னாள். அந்த அம்மாள் உடனே கோப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உன் நோன்பை அல்லா ஏத்துக்கட்டும்னு சொல்றாங்க" என்றாள் ஸுவைனா.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லு. மணி பத்து ஐம்பதுன்னும் சொல்லு."

வெளியே வந்து இன்னும் இரண்டு நீலக் கதவுகளைத் தட்டினோம். ஒன்றில் ஆளில்லை. இன்னொன்று கிடங்கு. மணி பதினொன்றேகால். நான் சந்தின் நடுவில் சாருவை இறக்கிவிட்டு அப்படியே நின்றேன். தனிப் பாஸ்போர்ட் எடுக்காமலே இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. எடுத்திருக்கவே வேண்டாம்.

ஸுவைனா என் முகத்தைப் பார்த்தாள். "உங்க ஊர்க்காரர் கடை ஒண்ணு இருக்கே, நீ ப்ளவுஸ் துணி வாங்குவியே."

ஹமீது நானா நாகூர்க்காரர். நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். முப்பது வருடமாக மத்ராவில் துணிக்கடை வைத்திருக்கிறார்.

"வா தங்கச்சி. என்னம்மா இது, புள்ளை முகமெல்லாம் வேர்த்து ஊத்துது."

சொன்னேன். கையிலிருந்த முழக்கோலைக் கீழே வைத்தார்.

"நீலக் கதவா? யாரு சொன்னா?"

"அவருதான் சொன்னாரு, நானா."

"உம் மாப்பிள்ளை சலாலாவுலயே குடியிருந்தா இப்படித்தான். அர்பாப் போன நோன்புப் பெருநாளைக்கே பச்சை அடிச்சிட்டாரு. இந்தச் சந்து முனை, பள்ளிவாசல், அதைத் தாண்டி இடது கைப் பக்கம். ஓடு. காரு வந்து நிக்கிது, நான் இப்பத்தான் பார்த்தேன்."

ஓடினேன். ஸுவைனா தன் கறுப்பு அபாயா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

5

பச்சைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நடையில் மூன்று பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். ஸுவைனா நர்ஸ் என்று தெரிந்ததும் அந்த வீட்டுப் பெண்கள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்கள். அர்பாப் பயணத்தில் சாப்பிட வேண்டிய மருந்துகளில் எது எந்த நேரத்துக்கு என்று அவர்களுக்குக் குழப்பம். என்னையும் சாருவையும் முன்னறையில் கொண்டுபோய் விட்டார்கள்.

அர்பாப் சுவரோரம் மெத்தையில் சாய்ந்திருந்தார். நான் அவரைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். படத்தில் பருத்த மனிதர். இங்கே வெள்ளை உடைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். பக்கத்தில் உறவினர்கள் இருவர். கஹ்வாப் பாத்திரத்தோடு நின்றவர் அவருடைய அண்ணன் மகன், நாற்பது வயதிருக்கும்.

அந்தக் காலத்து மத்ரா வியாபாரிகளுக்கு பம்பாய் சம்பந்தம் அதிகம். அர்பாப் நன்றாகவே இந்தி பேசினார்.

"யார் நீ, மகளே?"

கணவர் பெயரைச் சொன்னேன். சலாலா சைட் என்றேன். உறையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"காகிதம் எல்லாம் ஆபீஸ்ல. ஃபேமிலி விசாவா? அது கலாஸ். இனிமே கிடையாதுன்னு நானே சொல்லியிருக்கேன். ஒருத்தனுக்குப் போட்டா நாளைக்கு அம்பது பேர் வருவான்."

"புதுசு இல்லை, பாபா. ஏற்கனவே இருந்ததுதான். என் தப்பு, நான்தான் பாஸ்போர்ட்டை..."

"நான் உடம்பு சரியில்லாதவன். பார்க்கற இல்லையா? வந்தது சந்தோஷம். கஹ்வா குடிச்சிட்டுப் போ. குழந்தைக்குப் பேரீச்சம்பழம் குடு."

அண்ணன் மகன் கோப்பையில் ஊற்றி என் முன் நீட்டினார். ஸுவைனா பக்கத்தில் இல்லை. விரதத்துக்கு இந்தியில் ஒரு சொல் உண்டு. பள்ளியில் இந்திப் பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறியவள் நான், அந்தச் சொல் வரவில்லை. எங்கள் வீடுகளில் விரத நாளில் யாராவது ஏதாவது கொடுத்தால் வேண்டாம் என்று கையை ஆட்டமாட்டோம். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவோம், கொடுத்தவர் மனசு நோகக் கூடாது. அதையே செய்தேன். வலது கையால் வாங்கி, கம்பளத்தில் என் முழங்காலுக்கு முன்னால் வைத்தேன்.

அறையில் பேச்சு நின்றது.

அர்பாப் கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குடி."

தலையை ஆட்டினேன். முடியாது என்று. கண்ணில் நீர் முட்டியது, அழக் கூடாது என்று கோப்பையையே பார்த்தேன். உறவினர் ஒருவர் மெதுவாக ஏதோ சொன்னார். அர்பாப் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அண்ணன் மகன் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். பெரிய மரியாதைக் குறைவு செய்துவிட்டேன், எழுந்து போகச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அர்பாப் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. குரல் மாறியிருந்தது.

"சரி. சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

"இவ இங்கேயே இருக்கணும்" என்றேன். "அவ அப்பாவோட."

கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடினார்கள், பெட்டிக்குள் போயிருந்தது. பெட்டியை அவிழ்த்து எடுத்து வந்தார்கள். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். சாரு மூன்றாவது பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டினாள். சுவரில் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. வலமிருந்து இடமாக, மெதுவாக, கையெழுத்திட்டார்.

காகிதத்தை என்னிடம் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "இப்போ குடி."

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் கோபமில்லை. ஒரு காரியத்தின் கடைசிப் பகுதிக்காகக் காத்திருக்கும் முகம். கோப்பையை எடுத்தேன்.

"அம்மா!" என்றாள் சாரு, வாய் நிறையப் பழத்தோடு. "நீ இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னியே. சாப்பிட்டா சாமி கோச்சுக்கும்னு சொன்னியே!"

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அதுவரை அதற்காக வருத்தப்பட்டிருந்தேன்.

"குழந்தை என்ன சொல்லுது?" என்றார் அர்பாப்.

"அவளுக்கும் வேணுமாம்" என்றேன்.

அவர் சிரித்தார். அண்ணன் மகன் சாருவுக்கும் அரைக் கோப்பை ஊற்றினார். நான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. காலி செய்து நீட்டினால் மறுபடியும் ஊற்றினார்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டுமாம், அது எனக்குத் தெரியாது. மூன்றாவது கோப்பையின்போது ஸுவைனா வந்து சேர்ந்தாள். என் கையில் கோப்பையையும் அர்பாப் கையில் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

6

டாக்ஸியில் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"கீழே வெச்சியா? குடிக்காமலா?"

"விரதம். உனக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும். அவருக்கு?" என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "பழைய ஆளுங்ககிட்ட அதுக்கு ஒரே அர்த்தம்தான். விருந்தாளி கஹ்வாவைக் குடிக்காம கீழே வெச்சா, ஒண்ணு கேட்டு வந்திருக்கான், அது கிடைக்காம உன் வீட்டுல குடிக்க மாட்டேன்னு அர்த்தம். வீட்டுக்காரன் செஞ்சே ஆகணும். செய்யாம அனுப்பினா அவனுக்கு அவமானம், சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. நாலு பேர் முன்னால வேற வெச்சிருக்கே."

"நான் அப்படி நினைக்கவே இல்லை. திரும்பிப் போய்ச் சொல்லிடலாமா?"

"என்ன சொல்லுவே? அது கேள்வி இல்லை, சும்மா வெச்சேன்னா? கையெழுத்தைத் திருப்பிக் குடுப்பியா?"

மடியிலிருந்த உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பன்னிரண்டு முப்பத்தைந்து" என்றாள் ஸுவைனா. டிரைவரிடம், "யல்லா, பாய், யல்லா!"

கவுண்டரில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்தார், சாருவைப் பார்த்தார், வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அன்று மாலை வரை வேறு எதுவும் சாப்பிடவில்லை. மூன்று கோப்பை காபிக்குப் பிறகு அதற்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை. கணவரிடம் கையெழுத்து கிடைத்ததைச் சொன்னேன், கோப்பையைச் சொல்லவில்லை. "முழுசா இருந்தியா?" என்று மாமியார் கடிதத்தில் கேட்டார்கள். "இருந்தேன் அத்தை" என்று எழுதினேன். அது பொய். அத்தை, மன்னிக்க வேண்டும். அந்தக் கையெழுத்து விரதத்தால் வந்ததா, விரதம் முறிந்ததால் வந்ததா என்று எனக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அர்பாப் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இரண்டு வருடம் இருந்தார். அவரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் நினைத்தேன், போகவில்லை. நோயாளி ஒருவரை நாலு பேர் முன்னால் கட்டிப்போட்டு வாங்கியது அது. அவரே கொடுத்தார் என்றும் சில நாள் தோன்றும். அவர் போன பிறகு மகன் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறார். வீடு அதே வீடுதான்.

7

தாளில் கையெழுத்திட்டேன். புதன்கிழமை சாரு தண்ணீர் பாட்டிலோடு போனாள். போவதற்கு முன், "அங்க காபி குடுப்பாங்களாம், யக்! எனக்கு வேணாம்னா என்னம்மா பண்றது?" என்றாள்.

"ஒரு வாய் குடிச்சிட்டு ஆட்டிக் காட்டு. கீழே மட்டும் வெச்சிடாதே."

"ஒய்?"

சொல்லிவிட்டேன். நான்கு வருடமாக ஸுவைனாவைத் தவிர யாரிடமும் சொல்லாததைப் பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது எட்டு வயதுப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. பேரீச்சம்பழம்கூட இல்லை.

மத்தியானம் திரும்பி வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நான் கீழே வெச்சேன்மா."

"ஐயோ. ஏன்டி?"

"சும்மா. யாருமே ஒண்ணும் கேக்கலை. ஒரு அங்கிள் வந்து எல்லா கப்பையும் டிரேல எடுத்துட்டுப் போய்ட்டார்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஆங்கிலத்தில் சொல்வாள் என்று நினைத்தேன். தமிழில்தான் சொன்னாள்.

"அப்பாவுக்கு இங்கேயே டியூட்டி போடச் சொல்லுங்கன்னு."

சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள். என் கணவர் இந்த முறை போய் ஐம்பத்தொரு நாள் ஆகிறது. மஸ்கட்டிலேயே கம்பெனி யார்டில் அதே வேலைக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது. "நான் கேட்டா வேலைக்குப் பயப்படறான்னு நினைப்பாங்க, விடு" என்று போன மாதம் சொன்னார். நானும் விட்டுவிட்டேன்.

இன்று வியாழன், விடுமுறை. அவரை அந்த இடத்துக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பத்தை நானே எழுதிவிட்டேன், பிழை இருக்கிறதா என்று நான்கு முறை பார்த்தாகிவிட்டது. ஸுவைனாவிடம் போனில் கேட்டேன், அர்பாபின் மகன் அந்த வழக்கமெல்லாம் பார்க்கிறவரா என்று. "தெரியலை. அவர் வெளிநாட்டுல படிச்சவர். டிரேல எடுத்துட்டுப் போகச் சொன்னாலும் சொல்வார்" என்றாள். பிறகு, "நான் உள்ளே வரமாட்டேன், வாசல்ல நிக்கறேன்" என்றாள்.

போன தடவை தெரியாமல் வைத்தேன். நாளைக்கு எனக்கு விரதம் எதுவும் இல்லை. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.